அமைச்சராகாத 43 ஆண்டுகள்

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பணியை எதைக் கொண்டு அளப்பது? பதவிக்காலம் முடியும் தறுவாயில் நாளிதழ்களில் வழக்கமாக ஒரு பட்டியல் வெளிவரும். வருகைப்பதிவு எத்தனை விழுக்காடு, எழுப்பிய கேள்விகள் எத்தனை, பங்கேற்ற விவாதங்கள் எத்தனை, தொகுதி நிதியில் செலவிட்டது எவ்வளவு என்று அது வரிசைப்படுத்தும். இந்த எண்கள் பயனற்றவை அல்ல. கூட்டத்தொடருக்கே வராதவரை அவை காட்டிக்கொடுத்துவிடும். ஆனால், வந்தவர் அங்கே என்ன செய்தார், அவர் எழுப்பிய கேள்வியால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்தப் பட்டியலிலிருந்து நாம் அறிய முடியாது.

இதைப் புரிந்துகொள்ள பிரிட்டனின் தொழிற்கட்சி உறுப்பினராக இருந்த டாம் டீயெல் என்பவரின் நாடாளுமன்றப் பதிவேட்டைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் ‘டேலியெல்’ என்றே வாசிக்கத் தோன்றும். ஸ்காட்லாந்து வழக்கில் அப்பெயரின் ஒலிப்பு டீயெல். 1962ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் மேற்கு லோதியன் தொகுதி இடைத்தேர்தலில் வென்று அவைக்குள் நுழைந்தவர், 2005இல் தாமாக ஓய்வுபெறும்வரை 43 ஆண்டுகள் இடைவெளியின்றி உறுப்பினராக இருந்தார். இடைத்தேர்தலுடன் சேர்த்து 12 முறை வென்றிருக்கிறார். இந்த நீண்ட காலத்தில் ஒருநாள்கூட அவர் அமைச்சராக இருந்ததில்லை. பதவியை வெற்றியின் அடையாளமாகக் கொள்வோருக்கு இது தோல்வியின் வரலாறாகத் தெரியும். பதிவேட்டைப் படித்தால் வேறொன்று புலப்படுகிறது.

பிரபு குலத்துத் தொழிற்கட்சிக்காரர்

1932இல் எடின்பரோவில் பிறந்த டீயெல், பரம்பரை ‘பாரனெட்’ பட்டத்துக்கு உரிய குடும்பத்தைச் சேர்ந்தவர். ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியிலும் பயின்றார். மாணவப் பருவத்தில் கேம்பிரிட்ஜின் கன்சர்வேடிவ் மாணவர் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். 1956இல் சூயஸ் கால்வாயின் பொருட்டு எகிப்து மீது பிரிட்டன் படையெடுத்தபோது மனம் மாறித் தொழிற்கட்சியில் சேர்ந்தார். சில காலம் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் பாரனெட் பட்டம் தம்மை வந்தடைந்தபோதும் அதைத் தம் பெயருடன் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு போரை எதிர்த்து அரசியலுக்கு வந்தவர், தம் பொதுவாழ்வின் கடைசிக் கட்டத்திலும் ஒரு போரை எதிர்த்தே நின்றார் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

பதிவேடும் அதன் கருவிகளும்

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசப்படும் ஒவ்வொன்றும் ‘ஹான்சார்டு’ என்ற தொகுப்பில் பதிவாகிறது. 19ஆம் நூற்றாண்டில் விவாதங்களை அச்சிட்டு வெளியிட்ட அச்சகத்தாரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. 1909 முதல் நாடாளுமன்றமே அதைத் தன் பொறுப்பில் வெளியிட்டு வருகிறது. ஒரு தீர்மானத்தின் மீது வாக்கெடுப்பு நடந்தால் யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பதும் பெயர்வாரியாக இடம்பெறும். கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிப்பவருக்குப் பதவி உயர்வு கிடைக்காமல் போகலாம், கட்சி நடவடிக்கையும் எடுக்கலாம். அவருடைய உறுப்பினர் பதவி மட்டும் பறிபோகாது.

பதவி இல்லாத பின்வரிசை உறுப்பினரிடம் மூன்று கருவிகள் உண்டு. முதலாவது, எழுத்துமூலக் கேள்வி. அமைச்சர் அதற்கு எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்; அந்தப் பதில் என்றென்றைக்கும் பதிவில் நிற்கும். இரண்டாவது, நாள் அலுவலின் முடிவில் நடைபெறும் அரை மணி நேர ஒத்திவைப்பு விவாதம். ஏறக்குறைய ஆளில்லாத அவையில், ஓர் உறுப்பினர் ஒரு பொருளை எழுப்ப, ஓர் அமைச்சர் இருந்து பதிலளிக்க வேண்டும். மூன்றாவது, அவைக்குள் பேசியதற்காக எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் தரும் பாதுகாப்பு. டீயெல் தம் 43 ஆண்டுகளையும் இந்த மூன்றைக் கொண்டே நடத்தினார்.

ஆமைகளும் மனிதர்களும்

இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியில் அல்டாப்ரா என்ற பவளத்தீவு உள்ளது. உலகின் மிகப் பெரிய இராட்சத நில ஆமைக் கூட்டம் வாழும் இடம் அது. 1965இல் பிரிட்டன் ‘பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்’ என்ற புதிய காலனியை உருவாக்கியபோது அல்டாப்ராவும் அதில் சேர்க்கப்பட்டது. அங்கே விமானத்தளம் அமைக்கப் பாதுகாப்பு அமைச்சகம் திட்டமிட்டது. இங்கிலாந்தின் ராயல் சொசைட்டியும் உயிரியல் அறிஞர்களும் அதை எதிர்த்தனர். அவர்களுடைய வாதங்களை நாடாளுமன்றக் கேள்விகளாக மாற்றியவர் டீயெல். செலவு எவ்வளவு, மாற்று இடம் ஆராயப்பட்டதா, பறவைகள் விமானங்களில் மோதும் ஆபத்து கணக்கிடப்பட்டதா என்று அமைச்சகத்தைத் துளைத்தெடுத்தார். ஆட்சியில் இருந்தது அவருடைய சொந்தக் கட்சி என்பது குறிப்பிடத்தக்கது.

1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டு அரசு சிக்கனத்தில் இறங்கியபோது அல்டாப்ரா திட்டமும் கைவிடப்பட்டது. கேள்விகளால் மட்டுமே அது நடந்தது என்று சொல்ல மாட்டேன்; பணமுடை பெரும் காரணம். ஆயினும் எதை வெட்டலாம் என்று அரசு தேடியபோது, பதிலளிக்கச் சிரமமான திட்டமாக அல்டாப்ரா ஏற்கெனவே ஆகியிருந்தது. 1976இல் செஷல்ஸ் நாட்டிடம் ஒப்படைக்கப்பட்ட அத்தீவு, 1982இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

இக்கதைக்கு ஓர் இருண்ட மறுபக்கமும் உண்டு. அதே காலனியில் இருந்த மற்றொரு தீவு டியேகோ கார்சியா. அங்கும் சாகோஸ் தீவுக்கூட்டத்தின் பிற தீவுகளிலும் வாழ்ந்த மக்கள், ஆப்பிரிக்க அடிமைகளின், இந்தியத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள். அமெரிக்க இராணுவத் தளத்துக்காக 1968க்கும் 1973க்கும் இடையே அவர்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். ஆமைகளுக்காகப் பேச அறிஞர் சங்கம் இருந்தது; அச்சங்கத்துக்கு நாடாளுமன்றத்தில் ஒரு குரலும் இருந்தது. அம்மக்களுக்காக அந்த நேரத்தில் அதே அளவுக்கு அழுத்தமான குரல் எழவில்லை. 2021இல் நடுக்கடலில் தத்தளித்த இலங்கைத் தமிழ் ஏதிலியர் கொண்டுசெல்லப்பட்டு ஆண்டுக்கணக்கில் முடங்கிக்கிடந்ததும் இதே டியேகோ கார்சியாவில்தான். கேட்கப்பட்ட கேள்வியின் மதிப்பை, கேட்கப்படாத கேள்வியின் விலையைக் கொண்டும் கணக்கிடலாம்.

கண்டனமும் கேள்வியும்

டீயெலின் பதிவில் பெருமைப்பட முடியாத பக்கங்களும் உள்ளன. 1968இல், போர்ட்டன் டவுன் என்ற இடத்தில் இயங்கிய வேதியியல், உயிரியல் ஆயுத ஆய்வு நிலையம் குறித்து நாடாளுமன்றக் குழு திரட்டிய சாட்சியங்களை, அவை வெளியாகும் முன்பே ‘அப்சர்வர்’ இதழுக்குக் கொடுத்துவிட்டார். உரிமைக் குழு அதை உரிமை மீறல் என்று முடிவுசெய்தது. அவைத் தலைவர் அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அமைச்சர் பதவிக்கான வாய்ப்பு மங்கியதற்கு இந்நிகழ்வும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து அவர் எழுப்பிய வினா, அவருடைய தொகுதியின் பெயரிலேயே அரசியல் சட்ட நூல்களில் இடம்பிடித்தது. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் அமைக்கும் மசோதா 1977 நவம்பரில் விவாதிக்கப்பட்டபோது அவர் கேட்டதன் சாரம் இதுதான்: ஸ்காட்லாந்தின் பள்ளி, மருத்துவமனை பற்றிய அதிகாரம் எடின்பரோவுக்குப் போய்விட்டால், இங்கிலாந்து உறுப்பினர்கள் அவற்றைப் பற்றி வாக்களிக்க முடியாது. ஆனால், ஸ்காட்லாந்து உறுப்பினரான நான் லண்டனில் அமர்ந்து இங்கிலாந்தின் பள்ளி, மருத்துவமனை பற்றி வாக்களிப்பேன். என் சொந்தத் தொகுதியின் அதே விவகாரத்தில் எனக்கு வாக்கு இராது. இதை எத்தனை நாள் பொறுத்துக்கொள்வார்கள்? ‘மேற்கு லோதியன் வினா’ என்று இதற்குப் பெயர் சூட்டியவர் எதிர்முகாமைச் சேர்ந்த ஈனாக் பவல்.

இந்த வினாவையும் அவர் தம் கட்சி அரசுக்கு எதிராகவே எழுப்பினார். 1979 மார்ச் மாதப் பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தோரில் 51.6 விழுக்காட்டினர் சட்டமன்றத்தை ஆதரித்தனர். மொத்த வாக்காளரில் 40 விழுக்காட்டினராவது ஆதரிக்க வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறாததால் திட்டம் வீழ்ந்தது. அம்மாத இறுதியில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தொழிற்கட்சி அரசும் கவிழ்ந்தது. 1997இல் நடந்த இரண்டாவது பொதுவாக்கெடுப்பில் ஸ்காட்லாந்து மக்கள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் ஆதரித்தனர். 1999இல் நாடாளுமன்றம் அமைந்தது. அதாவது, டீயெல் எதிர்த்தது நிறைவேறிவிட்டது.

வினா மட்டும் தீரவில்லை. 2004 ஜனவரியில் இங்கிலாந்தின் பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்தும் மசோதா வெறும் ஐந்து வாக்கு வித்தியாசத்தில் பிழைத்தது. அந்தக் கட்டணம் தங்கள் தொகுதி மாணவர்களுக்குப் பொருந்தாத ஸ்காட்லாந்து உறுப்பினர்களின் வாக்குகள் இல்லாமல் அது பிழைத்திருக்காது. 2015இல் இங்கிலாந்து சார்ந்த மசோதாக்களுக்கு இங்கிலாந்து உறுப்பினர்களின் தனி ஒப்புதல் வேண்டும் என்று அவை விதி வகுத்தது; நடைமுறைச் சிக்கல் மிகுந்ததால் 2021இல் அதை நீக்கியது. 1977இல் கேட்கப்பட்ட கேள்விக்கு இன்றுவரை நிலையான விடை இல்லை.

மூழ்கிய கப்பலும் மூழ்காத கேள்வியும்

1982 மே 2ஆம் தேதி, பாக்லாந்து போரின்போது, அர்ஜென்டீனாவின் ‘ஜெனரல் பெல்கிரானோ’ என்ற போர்க்கப்பலை பிரிட்டனின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான ‘காங்கரர்’ மூழ்கடித்தது. 323 பேர் மாண்டனர். அப்போரில் அர்ஜென்டீனா இழந்த உயிர்களில் இது ஏறத்தாழப் பாதி. கப்பல் பிரிட்டன் அறிவித்திருந்த 200 கடல் மைல் விலக்கு வளையத்துக்கு வெளியே இருந்தது. பிரிட்டிஷ் கடற்படையை அது நெருங்கிக்கொண்டிருந்தது என்று பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் அவையில் கூறினார்.

போர் குறித்த வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராக வாக்களித்த 33 உறுப்பினர்களுள் டீயெலும் ஒருவர். அதனால் கட்சியின் அறிவியல் செய்தித்தொடர்பாளர் பொறுப்பை இழந்தவர், அமைச்சரின் கூற்றைக் கேள்விகளால் சோதிக்கத் தொடங்கினார். கப்பல் எந்தத் திசையில் சென்றது? நீர்மூழ்கி அதை முதலில் எப்போது கண்டது? தாக்கும் ஆணை எப்போது மாற்றப்பட்டது? பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. பெல்கிரானோ தாக்கப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே திசை திரும்பி விலகிச் சென்றுகொண்டிருந்தது என்பதும், அரசு சொன்ன நாளுக்கு முந்தைய நாளே அது கண்காணிப்பில் இருந்தது என்பதும் படிப்படியாக வெளிவந்தன.

1984இல் டீயெலின் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கும் பணியில் இருந்த பாதுகாப்பு அமைச்சக உயர் அதிகாரி கிளைவ் பான்டிங், நாடாளுமன்றத்தை ஏமாற்ற அமைச்சர்கள் முனைகிறார்கள் என்று கருதி இரு ஆவணங்களை டீயெலுக்கே அனுப்பினார். டீயெல் அவற்றை வெளியுறவுக் குழுத் தலைவரிடம் ஒப்படைத்தார். குழுத் தலைவரோ அவற்றைப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார். பான்டிங் மீது அரசு இரகசியச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. நாட்டின் நலன் என்பது அன்றைய அரசு எதை நலன் என்கிறதோ அதுவே என்று நீதிபதி நடுவர் குழுவுக்கு எடுத்துரைத்தார். சாதாரணக் குடிமக்களைக் கொண்ட அக்குழு, 1985 பிப்ரவரியில் பான்டிங்கைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. நாடாளுமன்றத்திடம் உண்மையைச் சொல்வதும் நாட்டின் நலனே என்ற வாதத்துக்கு அத்தீர்ப்பில் இடம் கிடைத்தது என்றே நான் கருதுகிறேன். அரசு கற்ற பாடம் வேறு: 1989இல் வந்த புதிய இரகசியச் சட்டத்தில் பொதுநலன் என்ற எதிர்வாதத்துக்கே இடம் வைக்கப்படவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பெரு நாடு முன்வைத்த சமாதான முயற்சியைக் கெடுக்கவே பிரதமர் தாட்சர் கப்பலை மூழ்கடிக்க ஆணையிட்டார் என்பது டீயெலின் முடிவு. அது மெய்ப்பிக்கப்படவில்லை. விலக்கு வளையத்துக்கு வெளியே இருந்த கப்பலும் போரில் இலக்கே என்று பெல்கிரானோவின் தலைவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஆகவே டீயெலின் முடிவு தவறாக இருக்கலாம். ஆனால், அமைச்சர் அவையில் சொன்னது உண்மையல்ல என்று அவருடைய கேள்விகள் காட்டியது மறுக்க முடியாதது. கேள்வி கேட்பவரின் ஊகம் பொய்த்துப்போவதால் கேள்வி பொய்த்துவிடுவதில்லை.

பிடிவாதத்தின் இரு முகங்கள்

1988 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகர் மீது விமானம் வெடித்துச் சிதறி 270 பேர் இறந்தனர். 2001இல் லிபியாவைச் சேர்ந்த அல்-மெக்ராஹி குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டது. அத்தீர்ப்பை டீயெல் ஏற்கவில்லை. முன்பு சொன்ன அரை மணி நேர ஒத்திவைப்பு விவாதத்தைத் திரும்பத் திரும்பப் பெற்று இப்பொருளையே எழுப்பினார். 2007இல் ஸ்காட்லாந்தின் வழக்கு மறுஆய்வு ஆணையம், நீதி பிறழ்ந்திருக்கக்கூடும் என்று கூறி வழக்கை மேல்முறையீட்டுக்கு அனுப்பியது. மெக்ராஹியின் மறைவுக்குப் பின் அவருடைய குடும்பத்தினர் தொடர்ந்த மேல்முறையீடு 2021இல் தள்ளுபடியானது. சட்டத்தின் முன் தீர்ப்பு நிற்கிறது.

அவையின் மாண்பை அவர் எப்போதும் காத்தார் என்றும் சொல்வதற்கில்லை. தாட்சரைப் பொய்யர் என்று குறிப்பிட்டு, திரும்பப் பெற மறுத்து, அவையிலிருந்து வெளியேற்றப்பட்டது உண்டு. 2003இல் ஈராக் போரைத் தம் கட்சிப் பிரதமருக்கு எதிராக உறுதியாக எதிர்த்தவர், யூத ஆலோசகர்களின் செல்வாக்குக்கு டோனி பிளேர் ஆட்பட்டிருக்கிறார் என்ற பொருள்பட ஒரு பேட்டியில் பேசினார். அது யூத வெறுப்பின் மொழி என்று பலரும் கண்டித்தனர், அக்கண்டனம் நியாயமானதே. மறைந்திருக்கும் காரணத்தைத் தேடும் பழக்கம், சில வேளை இல்லாத சதியையும் காணும். ஓர் உறுப்பினரின் பதிவேட்டை முழுமையாகப் படிப்பது என்றால் இந்தப் பக்கங்களையும் சேர்த்துப் படிப்பதுதான்.

எதைத் தேட வேண்டும்?

2001இல் அவையில் நீண்டகாலம் தொடர்ந்து பணியாற்றியவர் என்ற வகையில் ‘அவையின் தந்தை’ என்ற சிறப்பு அவருக்குக் கிடைத்தது. 2017 ஜனவரியில் அவர் மறைந்தார். எண்களை மட்டும் கொண்டு பார்த்தால் அவர் எழுப்பிய விவகாரங்களில் பெரும்பாலானவை தோல்வியே. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் வந்துவிட்டது. ஈராக் போர் நடந்துவிட்டது. லாக்கர்பி தீர்ப்பு நிற்கிறது. அவர் வென்றது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: அரசு சொன்னதை எழுத்தில் வாங்கி, நேற்றுச் சொன்னதோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். தேர்தலால் மட்டும் செய்ய முடியாத வேலை அது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களிக்கும் குடிமகனுக்கு, இடைப்பட்ட நாள்களில் அரசிடம் விளக்கம் கேட்க உள்ள வழி இதுவே.

கேள்வி நேரத்தையும் பேச்சுரிமைப் பாதுகாப்பையும் வெஸ்ட்மின்ஸ்டரிடமிருந்து நாமும் பெற்றுக்கொண்டோம். வேறுபாடுகளும் உண்டு. 1985ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் இந்திய உறுப்பினர் தம் பதவியையே இழக்க நேரிடும். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுவதால், யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவும் இருப்பதில்லை. ஆகவே, வாக்குப் பதிவைக் கொண்டு ஓர் உறுப்பினரின் மனசாட்சியை நாம் அறிய இயலாது. எஞ்சியிருப்பது கேள்வி. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரம் ரத்துசெய்யப்பட்டபோது, பொதுவெளியில் எழுந்த எதிர்ப்பு அதன் அருமைக்கு ஈடானதாக இல்லை.

எனவே, அடுத்த முறை நம் தொகுதி உறுப்பினரின் பட்டியல் வெளியாகும்போது, எத்தனை கேள்விகள் என்பதோடு நின்றுவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். கேள்விகளின் உள்ளடக்கம் நாடாளுமன்ற இணையதளத்தில் எவரும் படிக்கும்படி உள்ளது. புள்ளிவிவரம் கேட்டுப் பெற்றுக்கொண்டு அமைதியானவை எத்தனை, அமைச்சரின் பதில் மழுப்பலாக இருந்தபோது அதே பொருளை அவர் மறுபடியும் கேட்டாரா, ஆட்சியில் இருப்பது தம் கட்சியாக இருந்தபோதும் கேட்டாரா என்று பாருங்கள். இரண்டாம் முறை கேட்கப்பட்ட ஒரே ஒரு கேள்வி, ஒருமுறை கேட்டு மறக்கப்பட்ட நூறு கேள்விகளைவிட அந்த உறுப்பினரைப் பற்றி அதிகம் சொல்லும்.